உதவி மேசையிலிருந்து இணைய வகுப்புக்கு: நூலகர் பாடம் நடத்துவது எப்படி?

ஓர் ஆய்வு மாணவி பன்னிரண்டு கட்டுரைகளின் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு எங்கள் நூலக மேசைக்கு வந்தார். "மேடம், இதுல எட்டு கிடைச்சிடுச்சு. மீதி நாலு எங்க தேடினாலும் வர மாட்டேங்குது. எடுத்துத் தர முடியுமா?" இருவரும் கணினி முன் உட்கார்ந்தோம். முதல் கட்டுரை வெளியானதாகப் போட்டிருந்த ஆய்விதழ் இருந்தது. அந்தத் தொகுதியும் இருந்தது. பக்கத்தைத் திறந்தால் வேறொருவர் எழுதிய வேறொரு கட்டுரை. இரண்டாவதில் ஆசிரியர் உண்மையானவர், அதே துறையில் எழுதுகிறவர்தான்; அவருடைய கட்டுரைகளின் பட்டியலில் அந்தத் தலைப்பு மட்டும் இல்லை. மூன்றாவதன் டிஓஐ எண்ணை, அதாவது இணையத்தில் ஒரு கட்டுரையை அடையாளம் காட்டும் நிரந்தர எண்ணை, போட்டால் அப்படி ஒரு எண்ணே பதிவாகவில்லை என்று வந்தது. நான்காவதும் அதே கதை. பட்டியல் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ஏஐ சாட்பாட் ஒன்றிடம் கேட்டு வாங்கியிருந்தார்.

முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் ஒரு மேற்கோள் நிற்குமா விழுமா என்று பார்க்க அதை எங்கே பிடித்து இழுக்க வேண்டும் என்பது, எழுந்து போகும்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் வேறு துறையிலிருந்து இன்னொருவர் அதே மாதிரி பட்டியலோடு வந்தார். அதற்கடுத்த வாரம் இருவர். மேசையில் ஒருவருக்கு முக்கால் மணி நேரம் கொடுக்கலாம். ஒரு கல்லூரியின் ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் அப்படிக் கொடுக்க முடியாது. நூலகர்கள் இணையவழிப் படிப்பைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மேசையில் நடக்கும் அந்தப் பேச்சை, அதன் உயிர் போகாமல், நிறையப் பேருக்குக் கொண்டுபோவது எப்படி?

வகுப்பெடுப்பது நூலகருக்குப் புதிய வேலை இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அதற்கு முன் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். நூலகரான பிறகும் பாடம் நடத்துவதை விடவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது; அடுத்த ஆண்டே அதன் சார்பில் நூலகர்களுக்கான கோடைக்காலப் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. 1931-இல் வெளியான அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இணையப் பாடம் தயாரிக்கும்போது நான் ஒவ்வொரு வீடியோவுக்கும் முன்னால் கேட்டுக்கொள்வது அந்த நான்காம் விதியைத்தான்.

மேசைப் பேச்சை நிறையப் பேருக்குக் கொண்டுபோவது எப்படி என்ற கேள்வி இப்போது முன்பைவிட அவசரமாகிவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். இதழ் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மாவட்டத் தலைநகர அரசுக் கல்லூரிக்கும் இப்போது உலகத்தின் பெரிய இதழ்கள் வந்து சேர்கின்றன. வந்து சேர்ந்ததை எப்படித் தேடுவது, எதை நம்புவது, எதை விடுவது என்று சொல்லித்தர ஆள் வேண்டும். அந்த ஆள் நூலகர்தான். அந்தக் கல்லூரியில் வேறு யாருக்கும் அது முழுநேர வேலை இல்லை.

சுற்றிக் காட்டுவது பாடம் ஆகாது

முதன்முதலில் படிப்பு ஒன்றைத் திட்டமிட்டபோது நான் எழுதிய அட்டவணை இப்படி இருந்தது: முதல் வாரம் நூலக அறிமுகம், இரண்டாம் வாரம் ஓபேக் (நூலகத்தின் இணையவழிப் புத்தகப் பட்டியல்), மூன்றாம் வாரம் மின்னிதழ்கள், நான்காம் வாரம் மேற்கோள் மென்பொருள். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. நடத்திப் பார்த்தபோதுதான் அது நூலகத்தின் ஒழுங்கு, மாணவரின் ஒழுங்கு இல்லை என்று புரிந்தது. மாணவர் 'எனக்கு இன்று மின்னிதழ் வேண்டும்' என்று வருவதில்லை. 'தலைப்பு கொடுத்துட்டாங்க, எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல' என்றுதான் வருகிறார். என் அட்டவணையில் அந்தக் கேள்விக்கு எந்த வாரத்திலும் இடமில்லை.

ஜூன், ஜூலையில் கல்லூரி திறந்ததும் நடக்கும் நூலக அறிமுகக் கூட்டத்திலும் இதே கோளாறுதான். முதலாண்டு மாணவர் மனத்தில் அன்று பேருந்து நேரமும் விடுதிச் சாப்பாடும் ஓடிக்கொண்டிருக்கும். தேவை இல்லாத நேரத்தில் சொன்னது தேவை வரும்போது நினைவில் இருக்காது. இணையப் படிப்பின் பெரிய வசதியே இங்கேதான் இருக்கிறது: புராஜெக்ட் தலைப்பு பதிவு செய்யும் வாரத்தில் தேடல் பாடத்தைத் திறக்கலாம், முதல் அத்தியாயம் எழுதும் மாதத்தில் மேற்கோள் பாடத்தைத் திறக்கலாம். இதற்குத் துறை ஆசிரியரோடு உட்கார்ந்து அவருடைய நாட்காட்டியை வாங்க வேண்டும். அப்படியே இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்தப் படிப்பின் பயிற்சிகளுக்கு அவருடைய அக மதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண்ணாவது கிடைக்குமா என்று. மதிப்பெண் இல்லாத படிப்பை மாணவர் பாதியில் விடுவது சோம்பலால் இல்லை. மற்ற ஏழு பாடங்களுக்கு மதிப்பெண் இருக்கிறது, அவ்வளவுதான்.

பாடத்திட்டத்தைக் கடைசியிலிருந்து முதலுக்கு எழுதுவது என்று ஒரு முறை உண்டு. அமெரிக்கக் கல்வியாளர்கள் கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டைகும் 1998-இல் விரிவாக எழுதியது. படிப்பு முடியும்போது மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் எழுது. அது தெரிந்துவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்வாய் என்று அடுத்து எழுது. பாடத்தைக் கடைசியாக எழுது. கேட்க எளிமையாக இருக்கிறது. செய்யும்போதுதான் நாம் எவ்வளவு தூரம் 'அறிந்துகொள்வார்', 'புரிந்துகொள்வார்' என்ற சொற்களில் ஒளிந்துகொள்கிறோம் என்று தெரியும். புரிந்துகொண்டதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. 'கொடுத்த ஆறு மேற்கோள்களில் எவை உண்மை, எவை போலி என்று பிரித்து, எப்படிக் கண்டுபிடித்தார் என்றும் எழுதிக்காட்டுவார்' என்று எழுதினால் பார்க்க முடியும். நான்கு வாரப் படிப்புக்கு இந்த மாதிரி நான்கு வாக்கியம் போதும். பதினைந்து எழுதினால் அது படிப்பு இல்லை, பட்டியல்.

நூலகத் துறையே இந்தத் திசையில் நகர்ந்து வந்திருக்கிறது. தகவலைத் தேடி, மதிப்பிட்டு, பயன்படுத்தத் தெரிவதைக் குறிக்கும் 'தகவல் எழுத்தறிவு' என்ற சொல்லை அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி 1974-இல் பயன்படுத்தினார். 2000-இல் அங்குள்ள கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் மாணவருக்கு வேண்டிய திறன்களைத் தர அளவுகளாக வரையறுத்துக் கொடுத்தது. 2016-இல் அதே சங்கம் அதற்குப் பதிலாக ஆறு அடிப்படைக் கருத்துகளைக் கொண்ட ஒரு சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. ஒரு தகவலுக்கு யார், எந்தச் சூழலில் அதிகாரம் தருகிறார்கள். ஆய்வு என்பது எப்படி ஒரு தொடர் உரையாடல். தேடல் எப்படி நேர்க்கோட்டில் போகாமல், வழி மாற்றி மாற்றித் துழாவிப் பார்ப்பதாக இருக்கிறது. இந்த மாதிரியான கருத்துகள். படிப்பு தயாரிக்கிறவருக்கு இதில் நேரடிப் பயன் இருக்கிறது. தரவுத்தளத்தின் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பாடம் எடுத்தால் அடுத்த ஆண்டு அந்தப் பொத்தான் இடம் மாறியிருக்கும். ஏன் தேடுகிறோம், எதை நம்புகிறோம் என்பது அவ்வளவு சீக்கிரம் பழசாகாது.

ஒரு வாரப் பாடம், பக்கத்தில் நின்று

தேடுசொல் பாடத்தை நான் நடத்தும் விதத்தைச் சொல்கிறேன். பெரும்பாலான மாணவர்கள் தலைப்பை அப்படியே முழு வாக்கியமாகத் தேடல் பெட்டியில் போடுவார்கள். 'தமிழகத்தில் ஜல்லிக்கட்டின் சமூகப் பண்பாட்டுத் தாக்கங்கள் ஓர் ஆய்வு' என்று. நான்கு முடிவு வரும், அல்லது ஒன்றும் வராது. 'மேடம், இந்தத் தலைப்புல ஒண்ணுமே இல்ல' என்பார்கள்.

பாடம் ஒரு வெள்ளைத் தாளோடு தொடங்குகிறது. கணினியை மூடி வைக்கச் சொல்கிறேன். ஜல்லிக்கட்டுக்கு எத்தனை பெயர் உண்டு? மாணவர்களே சொல்வார்கள்: மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுகட்டு. தமிழ்த்துறை மாணவர் இருந்தால் ஏறுதழுவல் வந்துவிடும், கலித்தொகை முல்லைக்கலியும் கூடவே வரும். சரி, இதைப் பற்றி யார் யார் எழுதுவார்கள்? இலக்கியம் படிக்கிறவர் ஏறுதழுவல் என்று எழுதுவார். நாட்டார் வழக்காற்றியல்காரர் அந்தந்த ஊர்ப் பெயரால் எழுதுவார். கால்நடைத் துறைக்காரர் காங்கேயம், புலிக்குளம் என்று மாட்டினத்தின் பெயரால் எழுதுவார். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், 2017-இல் மெரினாவில் இளைஞர்கள் திரண்டதும், 2023-இல் அரசியல் சாசன அமர்வு தமிழகத்தின் திருத்தச் சட்டம் செல்லும் என்று சொன்னதும் சட்டத்துறைக்காரருக்கு விலங்கு நலன், பண்பாட்டு உரிமை என்ற சொற்களில் வரும். அவர் கட்டுரைத் தலைப்பில் ஜல்லிக்கட்டு என்ற சொல் இல்லாமலும் போகலாம்.

தாளில் இப்போது மூன்று நான்கு வரிசைகள் வந்திருக்கும். ஒரே பொருளுக்கான சொற்களை 'ஆர்' (OR) போட்டு இணைப்பது, வேறு பொருளை 'அண்ட்' (AND) போட்டுச் சேர்ப்பது, சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் வைப்பது ஆகியவற்றை இந்த இடத்தில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதலிலேயே சொன்னால் யாருக்கும் ஏறாது. பிறகு அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துப் படிப்புத் தளத்தில் போட வேண்டும். இதுதான் அந்த வாரத்தின் பயிற்சி. ஒவ்வொரு தாளுக்கும் நான் ஒரு வரி எழுதுகிறேன்: 'ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டீர்கள்', 'ஆங்கிலத்தில் இதை எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்றும் பாருங்கள்' என்று. மேசையில் நான் வாயால் சொல்வதே எழுத்தில் போகிறது.

அந்த ஆங்கில எழுத்துச் சிக்கல் தமிழ் மாணவருக்குத் தனிப்பாடமாகவே வைக்க வேண்டியது. சங்கம் என்பதை ஆங்கில எழுத்தில் ஒருவர் எஸ்ஸில் தொடங்குவார், இன்னொருவர் சி-யில் தொடங்குவார். வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தமிழ் நூல்களின் தலைப்புகள் மேலே கோடும் கீழே புள்ளியுமாக ரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கும். தமிழ் எழுத்தில் தேடினால் சில பதிவுகள் சிக்காது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் இணையத் தளமான சோத்கங்காவில் இருக்கும் பழைய தமிழ் ஆய்வேடுகள் பல ஸ்கேன் செய்த படங்கள், அல்லது யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சானவை. உள்ளே இருக்கும் சொல்லைத் தேடினால் வராது. தலைப்பு, நெறியாளர், துறை என்று சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் திட்டம் என்று ஒவ்வொன்றும் எதற்கு நல்லது, எதற்கு ஆகாது என்று சொல்லும் பாடம் ஆங்கிலத்தில் உள்ள எந்தப் பெரிய இணையப் படிப்பிலும் கிடைக்காது. இதை நாம்தான் செய்ய வேண்டும். உலகத் தளங்களில் ஏற்கெனவே நன்றாக இருக்கும் பாடத்தை நாம் மறுபடி தயாரிப்பதைவிட, அங்கே இல்லாத இந்தப் பாடத்துக்கு நேரம் செலவிடுவது நல்லது.

ஏற்கெனவே இருக்கும் வாசல்கள்

புதிதாக ஒரு படிப்புக்கு அனுமதி வாங்குவதைவிட, இருக்கும் ஒன்றுக்குள் நுழைவது எளிது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் முனைவர் பட்ட மாணவர்கள் எல்லோருக்கும் ஆய்வு மற்றும் பதிப்பு நெறிமுறைகள் என்ற படிப்பைக் கட்டாயமாக்கியது. 2 கிரெடிட், 30 மணி நேரம், ஆறு அலகுகள். முதல் மூன்றும் கோட்பாடு: தத்துவமும் நெறியும், அறிவியல் நடத்தை, பதிப்பு நெறி. பின் மூன்றும் செய்முறை: திறந்த அணுக்கப் பதிப்பு (யாரும் காசில்லாமல் படிக்கும்படி வெளியிடுவது), பதிப்பு முறைகேடு, தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும். இந்தப் பின் மூன்று அலகுகளுக்கு மட்டும் 15 மணி நேரம். நூலகர் தினமும் மேசையில் செய்யும் வேலைதான் அது. திறந்த அணுக்க இதழை எப்படிக் கண்டுபிடிப்பது, காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் போலி இதழை எப்படி அடையாளம் காண்பது, எழுதியது மற்றவர்கள் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் ஒப்புமைச் சோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது. பதினைந்து மணி நேரத்தை நூலகர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். துறையில் இருப்பவர்களுக்கும் அது பாரம் குறைந்த மாதிரி.

ஒப்புமை அறிக்கை பற்றி ஒரு வார்த்தை. 2018-இல் வந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறை ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை என்று சொன்னதிலிருந்து, மாணவர்கள் அந்த எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். '9 சதவீதம் வந்திடுச்சு மேடம், பாஸ்.' அந்த 9-க்குள் ஒரு முழுப் பத்தி வேறொருவருடையதாக இருக்கலாம். 22 வந்த அறிக்கையில் பாதி, பொதுவான சொற்றொடர்களாகவும் மேற்கோள் பட்டியலாகவும் இருக்கலாம். இதை விளக்கிச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். பெயர் நீக்கிய இரண்டு அறிக்கைகளைக் கையில் கொடுத்து 'எது பிரச்சினை?' என்று கேட்டால் அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

பெரிய அளவில் செய்ய நினைப்பவருக்கு மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயம் இருக்கிறது. 2017-இல் தொடங்கியது. அங்கே ஒரு படிப்பு நான்கு பகுதிகளாக இருக்க வேண்டும்: வீடியோ, வாசிப்புப் பொருள், கலந்துரையாடல், மதிப்பீடு. ஸ்வயத்தில் போடாவிட்டாலும் இந்த நான்கையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நூலகர்கள் தயாரிக்கும் பாடங்களில் முதல் இரண்டும் மிகுதியாகவும் பின் இரண்டும் பெயருக்கும் இருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். சிறிய அளவில் தொடங்குவோருக்கு இணைய வகுப்பு நடத்த உதவும் மூடில் (Moodle) போதும். மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்துகொண்டு உருவாக்கி 2002-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது; கல்லூரி சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் கூகுள் கிளாஸ்ரூம். தளத்தைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று மாதம் கழிக்க வேண்டாம். மாணவர் ஏற்கெனவே உள்ளே போகத் தெரிந்த தளம் எதுவோ அதுவே நல்ல தளம்.

வீடியோ

ஸ்டுடியோ வேண்டாம். எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வை அமர்வுகளை வைத்து பிலிப் குவோவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2014-இல் வெளியிட்ட முடிவு இது: வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வையாளர் நிலைத்திருக்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிய பதிவுகள், செலவு செய்து ஸ்டுடியோவில் எடுத்தவற்றைவிட மாணவரை அதிகம் ஈர்க்க முடியும் என்றும் அதில் தெரிந்தது. நூலகருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. போனும் ஒரு காலர் மைக்கும் போதும். புத்தக அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினால் எதிரொலி குறையும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும். பதிவில் அதுதான் முதலில் கேட்கும்.

படம் சுமாராக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார், குரல் கேட்காவிட்டால் மூடிவிடுவார். கணினித் திரையைப் பதிவு செய்யும்போது பிரவுசரை 150 சதவீதமாவது பெரிதாக்கிக்கொள்ளுங்கள். பார்க்கிறவர் கையில் இருப்பது ஆறு அங்குல போன். டேட்டா தீரும் நேரத்தில் அவர் படத்தின் தரத்தைக் குறைத்துத்தான் பார்ப்பார். அப்புறம், தரவுத்தளத்தைத் திரையில் காட்டும் பகுதியைத் தனித் துண்டாக, இரண்டு நிமிடத்துக்குள் வையுங்கள். தளத்தின் முகப்பு மாறும்போது அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

வாசிப்புப் பொருளில் உரிமை விவகாரம் ஒன்று இருக்கிறது. 1957-இன் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் கற்பித்தலுக்காகச் சில விலக்குகளைத் தருகிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் பல்கலைக்கழகப் பாடத் தொகுப்பு நகல் வழக்கில் அதை விரிவாகவே பொருள் கொண்டது. அதற்காக, சந்தா இதழின் பிடிஎப்-ஐ எல்லோரும் பார்க்கும் பொதுத் தளத்தில் ஏற்றலாம் என்று ஆகிவிடாது. பதிப்பகத்தோடு நூலகம் செய்த ஒப்பந்தம் தனி. அதில் யார் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும். கோப்பைக் கொடுக்காமல் இணைப்பைக் கொடுப்பது நல்ல வழக்கம். இதில் பாடமும் இருக்கிறது: இணைப்பைத் தட்டி, வீட்டிலிருந்து உள்நுழைந்து, கட்டுரையை எடுக்கப் பழகிய மாணவருக்கு அடுத்த முறை நம் உதவி தேவைப்படாது. நாமே எழுதும் குறிப்புகளை, மற்றவரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டால் பக்கத்துக் கல்லூரி நூலகரும் எடுத்துக்கொள்வார்.

குறிப்புகளை ஸ்கேன் படமாகப் போடாதீர்கள். பார்வை குறைபாடுள்ள மாணவரின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் வெள்ளைத் தாள். தமிழ் யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பை என்விடிஏ போன்ற இலவச மென்பொருள் வாசித்துவிடும். வீடியோவின் பேச்சை எழுத்தில் தருவது அவருக்கும் உதவும், பேருந்தில் காதொலிக் கருவி இல்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் உதவும்.

கேள்வி கேட்க வைப்பது

இணைய வகுப்பில் 'எல்லாருக்கும் புரிஞ்சுதா?' என்று கேட்டால் பதில் வராது. கலந்துரையாடல் பகுதியில் 'உங்கள் சந்தேகங்களைப் பதிவிடுங்கள்' என்று போட்டாலும் வராது. நம் மாணவர்களுக்கு, அதிலும் வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு, நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் தெரியாததை எழுதுவது எளிதில்லை. தனியாகக் கேட்கலாம் என்று சொன்னால் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் தனியாக வரும் கேள்வியை, பெயரை எடுத்துவிட்டு, 'இந்த வாரம் ஒருவர் கேட்டது' என்று பொதுவில் போட்டு அங்கே பதில் சொல்கிறேன். இரண்டாம் வாரத்தில் இன்னொருவர் தைரியமாகப் பொதுவிலேயே கேட்கிறார். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லாத இடம் என்பதுதான் நூலக மேசையின் பெரிய பலம். அதை இணையத்திலும் உருவாக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வினாடி வினா வைப்பதற்குக் காரணம் மதிப்பெண் மட்டும் இல்லை. ஹென்றி ரோடிகரும் ஜெப்ரி கார்பிக்கேயும் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, படித்த பின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். அதனால் ஒவ்வொரு வீடியோவுக்குப் பின்னும் இரண்டு கேள்வி, அடுத்த வாரத் தொடக்கத்தில் போன வாரத்திலிருந்து இரண்டு. சோத்கங்கா எந்த ஆண்டு தொடங்கியது என்ற மாதிரிக் கேள்விகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆண்டைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு ஆய்வேட்டைத் தேடத் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை.

இறுதிப் பயிற்சியாக நான் கேட்பது ஒரு தேடல் குறிப்பேடு. மாணவர் தன் சொந்தத் தலைப்புக்கு எங்கெங்கே தேடினார், என்ன சொல்லைப் போட்டார், என்ன வந்தது, எதை ஏன் தள்ளினார், அடுத்து என்ன மாற்றினார் என்று இரண்டு பக்கம். தோற்றுப்போன தேடல்களையும் எழுத வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. ஏஐ-யைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் எழுதலாம், அது கொடுத்ததைச் சரிபார்த்த விதத்தோடு. இந்த இரண்டு பக்கத்தை வைத்து ஒருவர் தேடக் கற்றுக்கொண்டாரா என்று சொல்லிவிட முடிகிறது. திருத்த நேரம் ஆகும், மறுக்கவில்லை. எழுதுவதற்குப் பதில் ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பினால் வேகமாக முடிகிறது, மாணவருக்கும் யாரோ தன்னிடம் பேசுகிறார்கள் என்று தெரிகிறது.

இலவச இணையப் படிப்புகளில் சேர்ந்தவர்களில் சிறு பங்கினர்தான் முடிக்கிறார்கள் என்பது உலகம் முழுவதும் பார்த்த விஷயம். கல்லூரி நூலகருக்கு ஒரு வசதி இருக்கிறது: காணாமல் போன மாணவர் வியாழக்கிழமை புத்தகம் திருப்பித் தர வருவார். 'ரெண்டாவது வாரப் பயிற்சி இன்னும் வரலையே, என்ன ஆச்சு?' என்று கேட்டுவிடலாம். பெரும்பாலும் கடவுச்சொல் மறந்திருக்கும், அல்லது போனில் கோப்பு ஏறியிருக்காது. ஐந்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தால் அன்றிரவே பயிற்சி வந்துவிடும்.

நான்கு வாரம், வாரத்துக்கு மாணவருக்கு இரண்டு மணி நேர வேலை, முதல் முறை இருபது முப்பது பேர். இதற்கு மேல் முதல் ஆண்டில் போக வேண்டாம். அந்த நான்கு வாரங்களுக்கும் நூலகரின் மற்ற வேலை குறையாது என்பதால், முதல்வரிடம் எழுத்தில் உத்தரவும் வகுப்பு நேரக் கணக்கும் வாங்கிக்கொண்டு தொடங்குவது நல்லது. வாய்மொழியில் தொடங்கிய படிப்பு அடுத்த ஆண்டு யார் கணக்கிலும் இருக்காது.

இப்போது அடுத்த அணி மாணவர்களுக்கான பாடத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். தேடுசொல் பாடம் அப்படியே இருக்கிறது. போலி மேற்கோள் பயிற்சியைத்தான் முழுக்க மாற்ற வேண்டியிருக்கிறது. போன ஆண்டின் ஆறு மேற்கோள்களும் விடைகளோடு மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கின்றன. புதிய பட்டியலை மேசைக்கு வருகிறவர்களிடமிருந்தே, அவர்கள் சம்மதத்தோடு, சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு வந்திருக்கின்றன.